கொடிவேரியில் தண்ணீரை நூல் நூலாகப் படம் எடுக்க

பவானி ஆற்றில் இருக்கும் கொடிவேரி அணைக்கு வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், குளிக்கிற கூட்டம் வந்துவிட்டால் அப்புறம் தண்ணீர் எங்கே தெரியும். ட்ரைபாடை (கேமராவைத் தாங்கும் முக்காலி) பாறையில் ஊன்றுங்கள். ஓடும் தண்ணீருக்குள் வைத்தால் அதன் கால் நடுங்கும், படமும் நடுங்கும்.

ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100, லென்ஸ் துளை எஃப் 11. அதில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 நொடி என்று காட்டினால், 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) மாட்டியதும் கிட்டத்தட்ட 1 நொடி ஆகும். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதி, நேரம் இரட்டிப்பு, அவ்வளவுதான் கணக்கு. ஃபோகஸை மட்டும் ஃபில்டர் மாட்டுமுன்பே பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள், 2 நொடி டைமரும் வையுங்கள்.

எனக்குப் பிடித்தது அரை நொடி. பவானி அணைமேல் வழிந்து விழுவது தறியில் பாவு கட்டினாற்போல இழை இழையாகத் தெரியும். 10 நொடி வைத்தால் வெறும் பஞ்சுப்பொதிதான் (சிலருக்கு அதுதான் பிடிக்கிறது, என்ன செய்ய).

ஈரப்பாறை கண்ணைக் கூசினால் போலரைசரை (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டித் திருப்பிப் பாருங்கள், ஆனால் அதுவே ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தைத் தின்னும்.

ஒவ்வொரு படத்துக்கும் முன் லென்ஸின் முன்னால் இருக்கும் கண்ணாடியைத் துடையுங்கள். ஒருமுறை சாரல் பட்டதைக் கவனிக்காமல் முப்பது படம் எடுத்து வந்தேன், முப்பதிலும் அதே மூலையில் ஒரு வெள்ளைப் பொட்டு.