கடலடி எரிமலை: தீவு மக்களை எச்சரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீவுக் கடற்கரைகளுக்கான எச்சரிக்கை அறிவிப்புகளைப் புதிதாக எழுத வருபவர்களின் வரைவுகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. தொடக்கத்தில் நான் எழுதிய அதே பிழைகள் அவற்றிலும் வந்து நிற்கின்றன. வெடிக்கும் மலைக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

நிலம் ஆடும்வரை காத்திருக்கச் சொல்வது

"நில அதிர்வை உணர்ந்தால் மேட்டுக்கு ஓடுங்கள்." இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம் வரவழைக்கும் தவறு. படிப்பவர் அதைத் திருப்பிப் போட்டும் புரிந்துகொள்வார்: நிலம் ஆடவில்லை, அதனால் ஆபத்தில்லை.

2018 டிசம்பர் 22 இரவு, இந்தோனேசியாவின் சுந்தா நீரிணை. அங்குள்ள அனாக் கிரகடாவ் எரிமலைத் தீவு மாதக்கணக்கில் புகைந்துகொண்டிருந்தது. கரையில் இருந்தவர்களுக்கு அது பழகிப்போன காட்சி. அன்று அதன் தென்மேற்குச் சரிவு பெயர்ந்து கடலுக்குள் போனது. கரையில் இருந்தவர்களை எழுப்பிவிடும் அதிர்வு எதுவும் இல்லை. நிலநடுக்கத்தை வைத்து இயங்கிய எச்சரிக்கை அமைப்பும் மௌனமாக இருந்தது. கடற்கரை மேடையில் பாடிக்கொண்டிருந்த இசைக்குழுவைப் பின்னாலிருந்து அலை அடித்துச் சென்றது. 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று பௌர்ணமி, அதிகாரிகள்கூட முதலில் இதை ஓதம், அதாவது நிலவின் ஈர்ப்பால் வரும் வழக்கமான கடலேற்றம் என்றே நினைத்தார்கள்.

எரிமலை கடலைக் கிளப்ப நிலநடுக்கம் தேவையில்லை. மலைச்சரிவு பெயர்ந்தால் போதும். நீருக்கடியில் வெடித்தால் போதும். 2022 ஜனவரி 15 அன்று பசிபிக் தீவு நாடான டோங்காவின் ஹுங்கா எரிமலை வெடித்தபோது காற்றழுத்த அலை ஒன்று உலகையே சுற்றி வந்தது. அது கடலையும் சேர்த்துத் தள்ளியதால், தொலைதூரக் கரைகளில் சுனாமிக் கணக்கு சொன்ன நேரத்துக்கு முன்பே நீர்மட்டம் மாறியது. 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் பெருவில் இரண்டு பேர் மூழ்கி இறந்தார்கள். டோங்காவின் மாங்கோ தீவில் வீடுகள் எல்லாமே அழிந்தன. அவ்வளவு அழிவிலும் அந்நாட்டில் உயிரிழப்பு ஒற்றை இலக்கத்தோடு நின்றதற்கு, சத்தம் கேட்டதுமே மக்கள் கரையை விட்டு நகர்ந்ததும் ஒரு காரணம்.

ஆகவே வரைவில் இதையும் எழுதுங்கள்: இடி போன்ற தொடர் முழக்கம் கேட்டாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ ஏறினாலோ, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் மேட்டுக்குப் போங்கள். இரவில் கடல் கண்ணுக்குத் தெரியாது. மலை உறுமிக்கொண்டிருக்கும் காலத்தில் கரையோரம் தூங்க வேண்டாம் என்ற வரியும் வேண்டும்.

முதல் அலையோடு முடிந்தது என்பது

முடியவில்லை. அறிவிப்பு வரும்வரை இறங்காதீர்கள்.

நீருக்கடியில்தானே என்பது

வெகு ஆழத்தில் நீரின் அழுத்தம் வெடிப்பை அடக்கும். ஆழம் குறைந்த இடமே கொடியது: அங்கே எரிமலைக் குழம்பு தொட்ட நீர் நொடியில் ஆவியாகி வெடிக்கும்.

கடலடி எரிமலையால் நிறம் மாறிய கடலைப் படகில் போய்ப் பார்ப்பது

1952-இல் ஜப்பானின் மியோஜின்-ஷோ கடலடி எரிமலையைப் பார்க்கப் போன ஐந்தாம் கையோ மாரு ஆய்வுக் கப்பலில் இருந்த 31 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. வாயுக் குமிழிகள் நிறைந்த நீரில் படகுக்கு மிதப்பு குறையும். கரீபியன் தீவான கிரெனடாவுக்கு வடக்கே உள்ள கிக் எம் ஜென்னி கடலடி எரிமலையைச் சுற்றிப் படகுகளுக்குத் தடை வளையம் வைத்திருப்பது சும்மா இல்லை. எரிமலை கக்கி, நீரில் மிதந்து வரும் துளைகள் நிறைந்த இலேசான நுரைக்கல்லும் ஆபத்துதான். 2021-இல் ஜப்பானின் ஃபுகுடோகு-ஒகானோபா கடலடி எரிமலை கக்கிய கல் இரண்டு மாதம் கழித்து ஒகினாவா துறைமுகங்களை அடைத்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரோடு அதுவும் உள்ளே போகும் என்பதால் மீன்பிடிப் படகுகள் முடங்கின.

கைபேசியை மட்டும் நம்புவது

டோங்காவை உலகத்தோடு இணைத்த கடலடிக் கேபிள் ஹுங்கா வெடித்த அன்றே அறுந்தது. சீராக ஐந்து வாரம் ஆனது. வானொலி, மணி, ஒலிபெருக்கி, எந்த வழியாக மேட்டுக்குப் போவது என்ற முடிவு, எல்லாம் முன்பே இருக்க வேண்டும்.

மழைநீர்த் தொட்டியை மறப்பது

பல சிறு தீவுகளில் கூரையில் விழும் மழைதான் குடிநீர். சாம்பல் விழத் தொடங்கும் முன்பே கூரையிலிருந்து தொட்டிக்கு வரும் குழாயைக் கழற்றித் தொட்டியை மூடச் சொல்லுங்கள். பிறகு கூரையைப் பெருக்கிக் கழுவிய பின்தான் குழாயை மாட்ட வேண்டும். நனைந்த சாம்பல் கனமானது. மழைக்கு முன்பே வாரிவிடுவது கூரைக்கும் நல்லது.