டிஷ்வாஷர் சரியாகக் கழுவவில்லையா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இந்தத் தவறுகளைப் பாருங்கள்

டிஷ்வாஷருக்குள் தண்ணீர் அருவி மாதிரி கொட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இன்றைய மெஷின்கள் ஒரு முறை முழுதாக ஓடி முடிக்க ஏறக்குறைய 10 முதல் 15 லிட்டர் வரைதான் எடுக்கின்றன. அதையும் முன்கழுவல், கழுவல், அலசல் என்று பல கட்டங்களுக்குப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு கட்டத்திலும் அடியில் நிற்கும் சில லிட்டர் தண்ணீரை பம்ப் இழுத்து, சுழலும் கைகளின் (தட்டுகளுக்கு அடியில் சுற்றும் நீளமான குழாய்கள்) துளைகள் வழியே பீய்ச்சும். அது கீழே விழுந்து, ஃபில்டரில் வடிந்து, மறுபடி மேலே போகும். கட்டம் முடியும்வரை அதே தண்ணீர்தான்.

இது தெரிந்துவிட்டால் பாதிக் கோளாறுகளை நாமே கண்டுபிடித்துவிடலாம். தண்ணீர் உள்ளே வருவதில் தடையா, சுற்றுவதில் தடையா, வெளியே போவதில் தடையா என்று பார்த்தால் போதும்.

ஃபில்டரை மறந்துவிடுவது

இதைத்தான் முதல் தவறு என்பேன். மெஷின் வாங்கிப் பல மாதம் ஆகியும் ஃபில்டரைக் கழற்றலாம் என்பதே தெரியாதவர்கள் உண்டு. கீழ்த்தட்டை வெளியே எடுத்தால் அடியில் நடுவிலோ ஓரத்திலோ உருளையாக ஒன்று இருக்கும். பெரும்பாலான மாடல்களில் அதை இடப்பக்கமாகத் திருகித் தூக்கினால் வந்துவிடும். அதைச் சுற்றியுள்ள தட்டையான சல்லடையையும் எடுத்து, ஓடும் தண்ணீரில் மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். தினமும் மெஷினை ஓட்டுபவர்கள் வாரம் ஒரு முறை செய்தால் நல்லது. இரும்பு நார் மட்டும் வேண்டாம், வலை கிழிந்துவிடும்.

திரும்ப மாட்டும்போது முழுதாகத் திருகிப் பூட்டுவது கழுவுவதைவிட முக்கியம். அரைகுறையாக உட்கார்ந்தால் உணவுத் துணுக்குகள் பக்கவாட்டில் நழுவி பம்ப்புக்குள் போகும். அங்கிருந்து மேலேறி, பீய்ச்சும் துளைகளை அடைக்கும். கழுவி எடுத்த தட்டில் மணல் மாதிரி நெருடினால் முதல் சந்தேகம் ஃபில்டர் மேல் வரட்டும். அப்புறம் சுழலும் கைகளையும் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடைத்த துளையை ஒரு பல்குத்தும் குச்சியே திறந்துவிடும்.

தட்டைக் கழுவிவிட்டுக் கழுவப் போடுவது

எச்சிலையும் எலும்பையும் வழித்துக் கொட்ட வேண்டும், அவ்வளவுதான். குழாயடியில் பளபளவென்று தேய்த்துவிட்டு உள்ளே அடுக்குவது இரட்டை வேலை. டிஷ்வாஷர் டிடர்ஜென்டில் மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைக்கும் என்சைம்கள் பெரும்பாலும் இருக்கும். காய்ந்த பருக்கையைப் பார்த்துக்கொள்ள அவை போதும். ஆட்டோ புரோகிராம் உள்ள பல மெஷின்களில் தண்ணீரின் கலங்கலை அளக்கும் சென்சார் இருக்கிறது. தண்ணீர் தெளிவாக இருந்தால், அழுக்கு குறைவு என்று எண்ணி அது நேரத்தைக் குறைத்துவிடும். உள்ளே இருக்கும் ஒரே ஒரு எண்ணெய்ப் பாத்திரம் அதில் மாட்டிக்கொள்ளும். தீய்ந்து ஒட்டியது வேறு கதை, அதை ஊறவைத்துத்தான் ஆக வேண்டும்.

அடுக்குவதில் நடக்கும் தப்பும் இதே ரகம்தான். தண்ணீர் படாத இடம் சுத்தமாகாது. கிண்ணத்தின் வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கரண்டிகள் ஒன்றுக்குள் ஒன்று அணைந்து நிற்கக் கூடாது. கதவை மூடும் முன் சுழலும் கைகளை ஒரு முறை விரலால் சுற்றிப் பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கைப்பிடி போதும், கை அங்கேயே நின்றுவிடும். டிடர்ஜென்ட் டேப்லெட் கரையாமல் கிடக்கிறது என்றால், டிடர்ஜென்ட் மூடிக்கு நேரே பெரிய தட்டோ பலகையோ நின்று மூடி திறப்பதைத் தடுத்திருக்கலாம். டேப்லெட்டை அதற்குரிய அறையில் வைக்காமல் அடியில் எறிபவர்களும் உண்டு. முன்கழுவல் தண்ணீரோடு அதில் பெரும்பகுதி வெளியே போய்விடும்.

சோப்பு, உப்பு, ரின்ஸ் எய்ட்

கையால் தேய்க்கும் சோப்புத் திரவத்தை ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். அது நுரைக்கவே செய்யப்பட்டது. நுரையை பம்ப்பால் தள்ள முடியாது, கதவிடுக்கில் பொங்கி வெளியே வரும். தெரியாமல் ஊற்றிவிட்டால் மெஷினை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, அடங்கிய நுரையைத் துணியால் அள்ளுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வடிக்கும் புரோகிராமை மட்டும் ஓட்டுங்கள். நுரை தீரும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

பல மெஷின்களின் அடியில் உப்பு போடும் அறை ஒன்று இருக்கும். கடின நீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகள் மெஷினுக்குள் உண்டு. அந்த மணிகளைக் கழுவிப் புதுப்பிக்கத்தான் உப்பு. பாத்திரத்தின் மேல் அது படுவதே இல்லை. இங்கே சமையல் தூள் உப்பைப் போடக் கூடாது. கட்டி பிடிக்காமலிருக்க அதில் சேர்க்கும் பொருட்களும், அதன் நைசான துகள்களும் அந்த அமைப்பை அடைத்துவிடும். இதற்கென்று விற்கும் பரல் உப்புதான் சரி. அதையும் மெஷினை ஓட்டப் போகும் நேரத்தில் போடுங்கள். சிந்திய உப்புநீர் அப்படியே கிடந்தால் ஸ்டீல் அடித்தட்டு துருப்பிடிக்கும். உப்பு அறையில் டிடர்ஜென்டைக் கொட்டிவிட்டால் மட்டும் மெஷினை ஓட்டவே ஓட்டாதீர்கள், சர்வீஸுக்குச் சொல்லுங்கள்.

உப்பைப் போட்டால் போதாது, உங்கள் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்ற செட்டிங் எண்ணை மெஷினில் அமைக்கவும் வேண்டும். பலர் இதைத் தொடுவதே இல்லை. ஆலையில் வைத்து அனுப்பிய எண்ணிலேயே வருடக்கணக்கில் ஓடும்.

கண்ணாடி டம்ளர் வெளுத்துப் போகிறது என்ற புகாருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளை வினிகரில் நனைத்த துணியால் துடையுங்கள். வெளுப்பு போய்விட்டால் அது சுண்ணாம்புப் படிவு. உப்பு தீர்ந்திருக்கும், அல்லது எண் குறைவாக இருக்கும். போகவில்லை என்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. மிக மென்மையான நீர், அளவுக்கு மீறிய டிடர்ஜென்ட், அதிகச் சூடு இவை சேரும்போது இப்படி ஆகும். அரித்த கண்ணாடி பழையபடி ஆகாது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், அரிப்பைப் படிவு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பவுடரைக் கூட்டுகிறார்கள், மிச்ச டம்ளர்களும் போகின்றன.

ரின்ஸ் எய்ட் என்பது கடைசி அலசலில் சேரும் திரவம், தண்ணீர் திவலையாக நிற்காமல் வழிந்தோட உதவுகிறது. பொட்டுப்பொட்டாகக் கறை தெரிந்தால் அளவைக் கூட்டுங்கள், நீலச்சாயலோடு கோடு விழுந்தால் குறையுங்கள். பிளாஸ்டிக் டப்பா மட்டும் ஈரமாகவே வருகிறதா? அது கோளாறு இல்லை. பிளாஸ்டிக் சூட்டைச் சேர்த்து வைக்காது, அதனால் தானாக உலராது.

அலுமினியம், மரம், வார்ப்பிரும்பு, கூரான கத்தி, வெற்றிட பிளாஸ்க் எதுவும் உள்ளே போக வேண்டாம். அலுமினியம் கறுத்துவிடும்.

நாற்றமும் தேங்கும் தண்ணீரும்

எப்போதும் ஈகோ புரோகிராமையே ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், நீண்ட நேரம் ஊறவிட்டு மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் கொழுப்பு மெல்ல மெல்லக் குழாய்களில் படியும். மாதம் ஒரு முறை கிளீனர் போட்டு, காலி மெஷினை மிகச் சூடான புரோகிராமில் ஓட்டுங்கள். கதவின் கீழ் விளிம்பிலும் ரப்பர் மடிப்பிலும் தண்ணீர் பீய்ச்சாது. அங்கே ஈரத்துணியால் துடைத்தால்தான் உண்டு. பிளீச் வேண்டாம், ஸ்டீலை அரிக்கும். பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

ஓட்டி முடித்த பிறகு ஃபில்டர் குழியில் கொஞ்சம் தண்ணீர் நிற்பது இயல்பு. அடித்தட்டே மூழ்கி நின்றால்தான் பிரச்சினை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீரை அள்ளி, ஃபில்டரைப் பாருங்கள். அடுத்து பின்னால் உள்ள டிரெயின் ஹோஸ் (தண்ணீர் வெளியேறும் குழாய்) மடங்கி நசுங்கியிருக்கிறதா, சிங்க் குழாயோடு சேரும் இடம் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளிய மறுநாளே இது தொடங்கும். அந்த ஹோஸ் ஓரிடத்தில் உயரமாக வளைந்துதான் கீழே இறங்க வேண்டும். இல்லாவிட்டால் சிங்க் தண்ணீர் மெஷினுக்குள் திரும்பி வரலாம். பம்ப் குழிக்குள் கை விடும்போது கவனம், உடைந்த கண்ணாடித் துண்டு கிடக்கக்கூடும்.

தண்ணீர் வரவில்லை என்ற எச்சரிக்கை வந்தால், குழாய் முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழாயை மூடி, தண்ணீர் உள்ளே வரும் இன்லெட் ஹோஸின் முனையிலுள்ள சின்ன வலையைக் கழற்றிக் கழுவுங்கள். மணலும் துருவும் அங்கேதான் சேரும்.

வடிக்கும் பம்ப் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், அடித்தட்டுக்குக் கீழே கசிந்த தண்ணீர் அங்குள்ள சென்சாரைத் தட்டியிருக்கலாம். சிலர் மெஷினைச் சாய்த்து அதை வெளியேற்றிவிட்டு மறுபடி ஓட்டுகிறார்கள். கசிவு அப்படியே இருப்பதால் அது திரும்ப வரும், பக்கத்தில் மின்சாரமும் இருக்கிறது. குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடம் இதுதான். கூப்பிடும்போது திரையில் வந்த எழுத்தையும் எண்ணையும், எந்தக் கட்டத்தில் நின்றது என்பதையும், மாடல் எண்ணையும் சொல்லுங்கள். மாடல் எண் பெரும்பாலும் கதவைத் திறந்தால் அதன் விளிம்பில் ஒட்டியிருக்கும்.