கார் இன்சூரன்ஸ் ரின்யூ பண்றப்போ, உள்ள உக்கார்றவங்களுக்கு எந்த கவர் போடணும்?

போன வாரம் சத்துவாச்சாரியில ஒரு ஃபிரண்டு வீட்ல, அவரு கார் பாலிசி ரின்யூவலுக்கு வந்த கொட்டேஷனை ரெண்டு பேரும் உக்காந்து பாத்துகினு இருந்தோம். பம்பர் டு பம்பர் போட்டிருக்காரு, இன்ஜின் ப்ரொடெக்ட் போட்டிருக்காரு, சாவி தொலைஞ்சா குடுக்கிற கவர் கூட டிக் பண்ணியிருக்காரு, ஆனா அதே பக்கத்துல கீழ பிஏ பிஏன்னு மூணு வரி இருந்துச்சு, அது மூணும் காலி. கேட்டா "தேவையில்லன்னு சொன்னாங்கப்பா"ன்றாரு. எனக்கு மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

பிஏன்னா பர்சனல் ஆக்சிடென்ட். அந்த வரிங்க என்னன்னு எங்க வீட்டுக்கும் முன்னாடி தெரியாது. காட்பாடியில இருக்கிற எங்க சித்தப்பா கார் சித்தி பேர்ல இருந்துச்சு, லோன் அவங்க சம்பளத்துல எடுத்ததால ஆர்சியும் அவங்க பேர்லயே வந்துடுச்சு. சித்திக்கு ஓட்டத் தெரியாது, லைசென்சும் கெடையாது. ஆம்பூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு ராத்திரி திரும்பி வர்றப்போ, பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி ஓரமா லைட் இல்லாம நின்னுகினு இருந்த லாரி பின்னாடி மோதிட்டாங்க. சித்தப்பாவுக்கு வலது கால் முட்டிக்குக் கீழ எடுக்க வேண்டியதா போச்சு. இருபது நாள்ல கார் புது பானட்டோட வீட்டு வாசல்ல வந்து நிக்குது, மனுஷன் இன்னும் ஆஸ்பத்திரி பெட்ல. காருக்கு கிட்டத்தட்ட முழுசா குடுத்தாங்க, காலுக்கு அந்த பாலிசியில ஒரு ரூபா வரல. லாரி மேல போட்ட கேஸ் ட்ரிப்யூனல்ல, அதாவது விபத்து நஷ்டஈடு கேஸ் பாக்கிற கோர்ட்ல, ஓடிகினு இருக்குது.

ஏன் வரலன்னா, கம்பல்சரி பிஏன்னு நாம சொல்ற 15 லட்சம் கவரோட முழுப் பேரே ஓனர்-டிரைவர் பிஏ. ஆர்சியில யார் பேரு இருக்குதோ அவருக்கு, அதுவும் அவருகிட்ட செல்லுபடியாகிற லைசென்ஸ் இருந்தாதான். சித்தி ஓனர், ஆனா டிரைவர் இல்ல, சித்தப்பா டிரைவர், ஆனா ஓனர் இல்ல. நம்ம பக்கம் இது ரொம்ப சகஜம், அப்பா பேர்ல வண்டி புள்ள ஓட்றான், பொண்டாட்டி பேர்ல வண்டி புருஷன் ஓட்றாரு, கம்பெனி பேர்ல வண்டி முதலாளி ஓட்றாரு. அதனால பாலிசியைத் தொடறதுக்கு முன்னாடி ஆர்சியை எடுத்து வெச்சுகினு பாருங்க, பேரு யாருது, நெசமா ஓட்றது யாரு. ரெண்டும் ஒருத்தரே இல்லன்னா இந்த 15 லட்சத்தை நம்பி உக்காராதீங்க. ஓட்றவர் பேர்ல தனியா ஒரு பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுத்துடுங்க. அது எந்த வண்டியில போனாலும், நடந்து போறப்போ அடிபட்டாலும் கூட வரும், கால் ஒடைஞ்சு வேலைக்குப் போக முடியாம வீட்ல இருக்கிற நாளுக்கு வாராவாரம் இவ்வளவுன்னு குடுக்கிற மாதிரியும் கேட்டு எடுக்கலாம்.

ஓனரே ஓட்றாருன்னா கம்பல்சரி பிஏவை விடாதீங்க. உயிர் போனா 15 லட்சம். ரெண்டு கை, ரெண்டு கால், ரெண்டு கண்ணுல எது ரெண்டு போனாலும் 15 லட்சம். ஒரு கையோ, ஒரு காலோ, ஒரு கண்ணோ மட்டும் போனா பாதி, ஏழரை லட்சம். எலும்பு முறிஞ்சு சேர்ந்துச்சுன்னா இதுல ஒண்ணும் வராது, ஆஸ்பத்திரி பில்லும் வராது, அதுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ்தான். குடிச்சிட்டு ஓட்டியிருந்தா எதுவுமே கெடையாது.

இங்க ஒரு டிக் மேட்டர் இருக்குது, கவனமா பாருங்க. 2019 ஜனவரியில இருந்து இந்த பிஏவை கார் பாலிசியோட சேர்த்துதான் வாங்கணும்னு இல்ல, தனியாவும் வாங்கலாம், ஏற்கனவே 15 லட்சத்துக்குக் குறையாத விபத்து பாலிசி இருந்தா மறுபடி வாங்கத் தேவையில்ல. நல்ல விஷயம்தான். ஆனா ஆன்லைன்ல ப்ரீமியம் கம்மியா காட்றதுக்காக "எனக்கு ஏற்கனவே பிஏ இருக்கு"ன்னு அந்த டிக் தானா விழுந்திருக்கும், இல்லன்னா கொட்டேஷன் போட்றவங்களே போட்டு வெச்சிருப்பாங்க. இல்லாத பாலிசியை இருக்குன்னு நாம கையெழுத்து போட்டு குடுத்த மாதிரி ஆயிடும். மிச்சமாகிறது சில நூறு ரூபா.

புது வண்டி வாங்கினவங்களுக்கு இன்னொண்ணு. 2018 செப்டம்பர்ல இருந்து புது காருக்கு தேர்ட் பார்ட்டி, அதாவது நம்ம வண்டியால மத்தவங்களுக்கு ஆகிற நஷ்டத்துக்கான கவர், மூணு வருஷத்துக்கு சேர்த்து எடுத்தே ஆகணும், ஆனா பிஏவை ஒரு வருஷத்துக்கு மட்டும் எடுத்துக்கலாம். நெறைய பேர் அப்படித்தான் எடுத்திருப்பாங்க. ரெண்டாவது வருஷம் வண்டி டேமேஜுக்கு மட்டும் ரின்யூ பண்ணிட்டு எல்லாம் இருக்குதுன்னு நெனைச்சிகினு இருப்பாங்க, பிஏ போன வருஷமே முடிஞ்சிருக்கும். பாலிசியோட விவரப் பக்கம், அதான் ஷெட்யூல், அதுல பிஏ தேதி தனியா போட்டிருக்கும், அதைப் பாருங்க.

அடுத்து கூட உக்கார்றவங்க. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசின்னா உங்க சொந்த கார்ல சும்மா வர்ற குடும்பத்துக்கு அதுல பாதுகாப்பு கெடையாது. நம்ம வண்டி டேமேஜும் சேர்ந்த காம்ப்ரிஹென்சிவ் பாலிசி எடுத்திருந்தா உள்ள இருக்கிறவங்களும் கம்பெனி பொறுப்புல வருவாங்கன்னு 2012ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்குது. ஆனா அந்தப் பணத்துக்கு ட்ரிப்யூனல்ல கேஸ் போட்டு, யார் தப்புன்னு பேசி, வருஷக்கணக்கா அலையணும். அதனாலதான் அன்நேம்டு பாசஞ்சர் பிஏன்னு, பேரு குறிப்பிடாம கூட வர்றவங்களுக்கு இருக்கிற வரியை நான் எல்லாருக்கும் எடுக்கச் சொல்றேன். யார் தப்புன்னு கேக்காம உயிருக்கும் உறுப்புக்கும் குடுக்கிறது இது. தலைக்கு அதிகபட்சம் 2 லட்சம். வழக்கமான ரேட் லட்சத்துக்கு 50 ரூபா, அஞ்சு சீட்டுக்கும் 2 லட்சம் போட்டா 500 ரூபா. 2 லட்சம்ன்றது பெரிய தொகை இல்லதான், ஆனா அந்த நேரத்துல வீட்ல கையில ஏதாவது வேணுமே. ஒரே விஷயம், சீட்டுக்கு மேல ஆளுங்களை ஏத்தாதீங்க. சொந்தக்காரங்க எட்டு பேரை அஞ்சு சீட் வண்டியில அடைச்சு ஸ்ரீபுரம் கோயிலுக்கு இட்டுகினு போய் ஏதாவது ஆச்சுன்னா, "இத்தனை பேருக்குத்தான் கவர்"னு பாலிசியில போட்டிருக்கிற வரியைக் காட்டுவாங்க.

ஆக்டிங் டிரைவர் வெச்சு பெங்களூரு, திருப்பதின்னு போறவங்க பெய்டு டிரைவர் லீகல் லயபிலிட்டி போட்டுக்குங்க, டிரைவருக்கு அடிபட்டா நம்ம மேல வர்ற பொறுப்பை கம்பெனி ஏத்துக்கிறது அது, பொதுவா 50 ரூபாதான். அவரும் ஒரு வீட்டுக்குப் புள்ளதான். ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்கு பதிவான வண்டியை வாடகை சவாரிக்கு விட்றீங்கன்னா மேல சொன்ன எதையும் நம்ப முடியாது, பாலிசியே வாடகைக்கு இல்லன்னுதான் எழுதியிருக்கும்.

கையில காசு ரொம்ப டைட்டுன்னா பேங்க்ல போய் பிரதமர் சுரக்ஷா பீமா ஃபாரத்தையாவது குடுங்க, 18ல இருந்து 70 வயசு வரைக்கும், வருஷத்துக்கு 20 ரூபா, 2 லட்சம். அடிபட்டவுடனே ஆஸ்பத்திரி செலவுக்கு நம்ம தமிழ்நாட்டு கவர்மென்ட்டோட இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேரம் இலவசமா பாக்கறாங்க, அதுல சேர்ந்திருக்கிற ஆஸ்பத்திரியான்னு மட்டும் கேட்டுக்குங்க.

கடைசியா நாமினி. அந்த ஃபிரண்டோட பழைய பாலிசியில நாமினி இடத்துல அவங்க அம்மா பேரு இருந்துச்சு, அவங்க போயி ஆறு வருஷமாச்சு. அப்பவே கம்பெனிக்கு மெயில் போட்டு அவரு சம்சாரம் பேருக்கு மாத்தச் சொன்னோம், ரெண்டு நாள்ல பேர் மாத்தினதுக்கான எண்டார்ஸ்மென்ட் பேப்பர் வந்துச்சு, அதையும் புது ஷெட்யூலையும் அவரு சம்சாரத்தோட வாட்ஸ்அப்புக்கே அனுப்பி, எந்த வரி எதுக்குன்னு ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டுட்டேன்.