பொதுச்சுவர் யாரோடு? முப்பரிமாண நகர மாதிரியிலிருந்து கிராஃப் செய்வது எப்படி

டெல்ஃப்ட் நகரத்து வரிசை வீடுகளில் நடுவீடு எது, ஓரவீடு எது என்று பிரிக்க வேண்டியிருந்தது. ஓரவீட்டின் ஒரு சுவர் கூடுதலாகக் குளிரில் நிற்கிறது. அது தெரியாமல் வெப்ப இழப்புக் கணக்கு சரியாக வராது. நெதர்லாந்துக் கட்டடங்களின் இலவச மாதிரியான 3டி பாக், ஒவ்வொரு கட்டடத்துக்கும் பொதுச்சுவரின் பரப்பளவைத் தருகிறது. அந்தச் சுவர் யாரோடு பொது என்பதைச் சொல்வதில்லை. அதற்குத்தான் கிராஃப்: கட்டடம் ஒரு முனை, பொதுச்சுவர் ஒரு இணைப்பு.

படி 1: டெல்ஃப்ட் பகுதிக்கான சிட்டிஜேசன் கோப்பை (முப்பரிமாண நகர மாதிரிகளைச் சேமிக்கும் கோப்பு வடிவம்) இறக்கி, பைத்தானில் திறக்கவும். புள்ளிகள் முழு எண்களாக இருக்கும். கோப்பிலேயே உள்ள அளவுக் காரணியால் பெருக்கி, நகர்வைக் கூட்டினால்தான் மீட்டர் கிடைக்கும்.

படி 2: ஒவ்வொரு கட்டடத்தின் அடித்தளப் பலகோணத்தையும், அதாவது தரையில் அது பிடிக்கும் இடத்தின் வடிவத்தையும், எடுக்கவும். அது தாய்ப் பொருளில் இருக்கிறது. சுவர், கூரை எல்லாம் அதன் பிள்ளைப் பகுதிகளில்.

படி 3: யார் பக்கத்தில் யார்? இரண்டு நாள் என்னைக் கட்டிப்போட்ட இடம் இது. ஒட்டிய வீடுகளுக்குப் பொதுவான புள்ளிகள் இருக்கும் என்று நம்பி அவற்றைத் தேடினேன். பாதி வீடுகள் அநாதையாக நின்றன. பலகோணங்களுக்கு நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதே காரணம். வடிவங்களைக் கணக்கிடும் பைத்தான் நூலகமான ஷேப்லியில் ஒரு பலகோணத்தை 10 சென்டிமீட்டர் விரித்து, அதற்குள் அடுத்த வீட்டின் எல்லைக்கோடு எத்தனை மீட்டர் விழுகிறது என்று அளந்தபோதுதான் வழி பிறந்தது. 1 மீட்டருக்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். மூலை மட்டும் தொடும் வீடுகள் அதிலேயே கழிந்துவிடும். ஷேப்லியின் எஸ்டிஆர்ட்ரீ என்ற தேடல் கருவியில் பக்கத்து வீடுகளைத் தேடும்போதும் விரித்த பலகோணத்தையே கொடுங்கள்.

படி 4: இணைப்புகளை, கிராஃப்களுக்கான பைத்தான் நூலகமான நெட்வொர்க்எக்ஸில் சேர்த்து, அளந்த நீளத்தையும் இணைப்பின் மேலேயே எழுதி வையுங்கள். அதை இரண்டு வீடுகளில் தாழ்ந்ததன் உயரத்தால் பெருக்கினால் பொதுச்சுவரின் தோராயப் பரப்பு. 3டி பாக் தரும் எண்ணோடு கட்டாயம் ஒப்பிட்டுப் பாருங்கள். நேரான வரிசையில் இரண்டு இணைப்புள்ளது நடுவீடு, ஒன்றே உள்ளது ஓரவீடு, இணைப்பே இல்லாதது தனிவீடு.

கிராஃப்களுக்கான தரவுத்தளமான நியோ4ஜே வேண்டாமா என்று கேட்பார்கள். ஒரு நகரத்துக்கு நெட்வொர்க்எக்ஸ் தாராளம். தொடக்கத்திலேயே தரவுத்தளம் நிறுவ உட்கார்ந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

பிற்சேர்க்கை: ஷேப்லி 2க்கு மாறியவர்களுக்கு எஸ்டிஆர்ட்ரீ தேடல் பலகோணங்களுக்குப் பதில் வரிசை எண்களைத் தருகிறது. அந்த எண்ணை வைத்து உங்கள் பட்டியலிலிருந்து பலகோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை ஒரு வாசகர் கண்டுபிடித்தார்; அவருக்கு நன்றி. கோப்பின் எல்லையில் உள்ள வரிசை பாதியில் அறுபடுவதால், நடுவீடுகள் ஓரவீடுகளாகத் தெரிகின்றன. சுற்றியுள்ள கோப்புகளையும் சேர்த்து கிராஃப் போட்டு, முடிவை மட்டும் நடுக்கோப்புக்கு எடுங்கள். தோட்டக் கொட்டகைகளும் தனிக் கட்டடங்களாகவே பதிவாகியிருக்கலாம். அவற்றில் சூடேற்றி இருக்காது, அதனால் மிகச் சிறிய அடித்தளங்களை எண்ணும் முன்பே நீக்குகிறேன்.