காசிமிர் விசையை அளக்கையில் வேண்டாத நிலைமின் விசையைப் பிரித்தெடுக்கும் முறை

மின்னூட்டமில்லாத இரு கடத்திப் பரப்புகள் மிக நெருங்கும்போது, வெற்றிடத்தின் குவாண்டம் ஏற்ற இறக்கங்களால் அவற்றிடையே எழும் ஈர்ப்பே காசிமிர் விசை. பொன் பூசிய கோளத்துக்கும் தட்டுக்கும் இடையே அதை அளக்க முற்படுகிறவர், இரண்டையும் எர்த் செய்துவிட்டால் நிலைமின் விசை ஒழிந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. பரப்புகளின் வெளியேற்று ஆற்றல் (எலக்ட்ரானை உலோகத்திலிருந்து வெளியேற்றத் தேவையான ஆற்றல்) சற்றே வேறுபட்டாலும், கம்பியால் இணைத்த பிறகும் அவற்றிடையே ஒரு மின்னழுத்த வேறுபாடு, அதாவது தொடு மின்னழுத்தம், எஞ்சி நிற்கும். இடைவெளி 1 மைக்ரானாக இருக்கையில், கோளத்தின் ஆரம் எதுவானாலும், சுமார் 10 மில்லிவோல்ட் வேறுபாடே காசிமிர் விசைக்கு ஈடான ஈர்ப்பைத் தந்துவிடும். 100 நானோமீட்டரில் இதற்குச் சுமார் 100 மில்லிவோல்ட் வேண்டும்.

ஆகவே ஒவ்வோர் இடைவெளியிலும் மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றி விசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். நிலைமின் விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் கிடைக்கும் பரவளையத்தின் வளைவு இடைவெளியைத் தரும். அதன் முனை, தொடு மின்னழுத்தத்தை ஈடுசெய்யும் மின்னழுத்தத்தைத் தரும். அந்த மின்னழுத்தத்தை ஓரிடத்தில் மட்டும் அளந்து எல்லா இடைவெளிகளுக்கும் பயன்படுத்துவதுதான் பலரும் செய்யும் பிழை. அருகில் வரும்போது கோளத்தின் நுனிக்கு நேர் எதிரே உள்ள சிறு பகுதியும், விலகும்போது அதைவிட அகன்ற பரப்பின் சராசரியும் மேலோங்குவதால், முனை இடம்பெயரக்கூடும்.

ஈடுசெய்த பிறகும் திட்டுத்திட்டாக வேறுபடும் மின்னழுத்தத்தின் விசை மிஞ்சும். திட்டுகள் இடைவெளியைவிடப் பெரியவையானால் அது இடைவெளிக்கு எதிர்விகிதத்தில் குறையும். 2011-இல் யேல் பல்கலைக்கழகக் குழு 0.7 முதல் 7 மைக்ரான் வரை அளந்தபோது, இவ்வகை விசையைக் கழித்த பின்பே வெப்பநிலையால் எழும் வெப்பக் காசிமிர் விசை தெளிவானது. ஆனால் கழிக்க வேண்டிய அந்தத் திட்டு விசையின் அளவை விசை அளவீடுகளே தீர்மானிக்கட்டும் என்று விடுவதைவிட, பரப்பின் மின்னழுத்தத்தை இடத்துக்கிடம் அளக்கும் கெல்வின் புரோப் என்ற கருவி கொண்டு பரப்பின் மின்னழுத்த வரைபடத்தையும் எடுத்து ஒப்பிடுவது நம்பகமானது.

பாலக்காடு, வாளையார் பக்கத்து ஆய்வகங்களில் பருவமும் கணக்கில் வரும். ஆனி, ஆடியில் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் வைத்த பரப்பில் நீர்ப்படலம் ஒட்டித் திட்டுகளின் மின்னழுத்தத்தை மாற்றக்கூடும். மார்கழியின் வறண்ட கீழ்க்காற்றிலோ பிளாஸ்டிக் கையுறையும் துடைப்புத் தாளும் மின்னேற்றம் பெற்றுத் தூசியை ஈர்க்கும். மின்கடத்தாத் துகள் ஒன்று மின்னூட்டத்தோடு இடைவெளியருகே தங்கினாலும் முனை நகர்ந்துவிடும். எனவே மாதிரியை ஏற்றியதும் அளக்கத் தொடங்காமல், வெற்றிடத்தில் ஈடுசெய்யும் மின்னழுத்தம் நிலைபெறும் வரை காத்திருக்க வேண்டும்.

அளவீடு முடிந்ததும் முதல் இடைவெளிக்குத் திரும்பி அதே மின்னழுத்தத்தை மீண்டும் காண வேண்டும். 1 மைக்ரானில் அது 1 மில்லிவோல்ட் விலகியிருந்தால் விசையில் சுமார் 1 சதவீதப் பிழை வரும். 3 மில்லிவோல்ட்டானால் பிழை 9 சதவீதமாகிவிடுவதால், அந்தத் தொடரை ஒதுக்கிவிட்டு மீண்டும் அளப்பதே முறை.