பிளஸ் டூ முடித்த பிள்ளையின் கவுன்சலிங்: அப்பா அம்மாவுக்கு என்ன வேலை?

அருப்புக்கோட்டையில் நான் நடத்தும் பிரவுசிங் சென்டரில் மே மாதம் தொடங்கினால் ஆகஸ்ட் வரை நாற்காலி காலியாக இருக்காது. எல்லாம் கல்லூரி விண்ணப்பம். வருகிறவர்களில் பாதிப் பேரிடம் ஒரே காட்சிதான்: அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார், படிக்கப்போகிற பிள்ளை பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நான் முதலில் செய்வது அவர்களை இடம் மாற்றி உட்கார வைப்பதுதான். சில அப்பாக்கள் முறைப்பார்கள். பரவாயில்லை.

என் கணக்கு இதுதான். காகிதம், காசு, போன் மூன்றும் பெரியவர்கள் பொறுப்பு. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்ற பட்டியல் பிள்ளையின் பொறுப்பு. பெற்றோர் பட்டியலில் கை வைத்துவிட்டு காகிதத்தைக் கோட்டை விடும்போதுதான் சிக்கல் வருகிறது. பெரும்பாலும் இன்ஜினியரிங் கவுன்சலிங்கை, அதாவது ரேங்க் வரிசையில் அரசு கல்லூரி இடம் ஒதுக்குவதை, வைத்தே சொல்கிறேன்; என் கடைக்கு வரும் கூட்டம் அதுதான்.

சான்றிதழ்: ஏப்ரலிலேயே

ரிசல்ட் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மூன்றும் இ-சேவை வழியாகப் போய் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாலுகா அலுவலகம் என்று ஒவ்வொரு மேஜையாக நகர வேண்டும். கட்டணம் 60 ரூபாய்தான், நாள்தான் பிடிக்கும். மே, ஜூனில் ஜமாபந்தி (தாலுகாவில் கிராமக் கணக்கைச் சரிபார்ப்பது) வேறு வந்துவிடும். அப்போது வி.ஏ.ஓ.வைப் பிடிப்பது குதிரைக் கொம்பு. பிள்ளை பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் விண்ணப்பித்து விடுங்கள்.

பழைய சாதிச் சான்றிதழ் அட்டை மட்டும் கையில் இருந்தால், டிஜிட்டல் கையெழுத்துள்ள ஆன்லைன் சான்றிதழ் ஒன்று வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. அப்புறம் பெயர். மார்க் ஷீட்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் இரண்டு இனிஷியல், சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை மேஜையில் வைத்து மற்ற எல்லாவற்றையும் அதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கு அரைமணி நேரம்கூட ஆகாது.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் வீட்டில் அதுவரை யாரும் பட்டம் வாங்காத குடும்பத்துக்கு. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா எல்லோரும் கணக்கில் வருவார்கள். அக்கா பி.காம். முடித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. இதை மறைத்து வாங்கித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் உண்டு. நான் செய்வதில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையென்றால் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. இன்ஜினியரிங்குக்கு 2021லிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. இடையில் ஒரு வருடம் தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் பொதுவாகத் தகுதி போய்விடும். அதனால் எந்த வகுப்பு எந்தப் பள்ளி என்று விண்ணப்பத்தில் சரியாக நிரப்ப வேண்டும். அந்த விவரத்தைப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு, பள்ளியிலும் ஒரு தடவை சரிபாருங்கள்.

திருச்சி என்.ஐ.டி. மாதிரி மத்திய அரசுக் கல்லூரிக்கும் முயற்சி செய்கிற பிள்ளையென்றால், நம் மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், அந்த வருடம் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும்.

போன் நம்பர்

சின்ன விஷயம்தான், ஆனால் வருடா வருடம் யாராவது மாட்டிக்கொள்கிறார்கள். விண்ணப்பத்தில் கொடுக்கும் நம்பருக்குத்தான் ஓ.டி.பி. வரும். அப்பா லாரி ஓட்டுகிறார், நம்பர் அவருடையது, அவர் நாக்பூர் பக்கம் சிக்னல் இல்லாத இடத்தில் இருக்கிறார் என்றால் இங்கே நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வீட்டில் இருக்கிற நம்பர், செப்டம்பர் வரை ரீசார்ஜ் தீராத நம்பர் கொடுங்கள். ஈமெயில் பிள்ளையின் பெயரில் இருக்கட்டும். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டை எனக்குக்கூடக் காட்ட வேண்டாம். "லாகின் கொடுங்க, நல்ல காலேஜா நானே போட்டுத் தர்றேன்" என்று வரும் புரோக்கருக்குக் கல்லூரி தரும் கமிஷன்தான் குறி.

ரிசல்ட் அன்றைக்கு

கட்-ஆஃப் போடத் தெரிந்துகொள்ளுங்கள். கணக்கு நூற்றுக்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, மொத்தம் 200. கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 என்றால் 92, 42, 44, ஆக 178. தமிழிலும் ஆங்கிலத்திலும் எவ்வளவு வாங்கினாலும் இதில் சேராது. 2007இல் நுழைவுத் தேர்வை நீக்கிய பிறகு இந்த மார்க்தான் எல்லாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் போன்களை நீங்கள் எடுங்கள். "எவ்வளவு?" என்று கேட்கும் சித்தப்பாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பதில் சொல்வது உங்கள் வேலை. "பாஸாயிட்டான், கவுன்சலிங் போறான்" என்று சொன்னால் போதும். மதிப்பெண்ணைச் சொல்லலாமா என்பது பிள்ளை இஷ்டம்.

கல்லூரியைப் பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வேலை நாளில் போங்கள். வரவேற்பறையில் ஏ.சி. போட்டு உட்கார வைத்து பிரவுச்சர் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு, "லேப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். திரும்பி வரும்போது கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் மூன்றாம் வருஷப் பையன்கள் நிற்பார்கள். அவர்களிடம் உங்கள் பிள்ளை பேசட்டும், நீங்கள் இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் "நல்லா இருக்கு அங்கிள்" என்பதோடு முடிந்துவிடும்.

நூறு சதவீத பிளேஸ்மென்ட் என்ற போர்டை நம்பி முடிவு செய்ய வேண்டாம். பிள்ளை எடுக்கப்போகிற பிராஞ்சில் போன வருடம் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவாந்தரச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே பரீட்சை நடத்துவதால் அவற்றை இந்தக் கணக்கில் ஒப்பிட முடியாது. என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பிராஞ்சுக்குப் பிராஞ்ச் தனித்தனி. மெக்கானிக்கலுக்கு இருக்கும், புதிதாகத் தொடங்கிய ஏ.ஐ. பாடத்துக்கு இருக்காது. போர்டில் பொதுவாக எழுதியிருப்பார்கள்.

பட்டியல் போடுவது

சேவை மையம், சான்றிதழ் சரிபார்ப்பு, ரேண்டம் எண் (மார்க்கெல்லாம் சமமானால் முன்பின் முடிவு செய்ய), ரேங்க் பட்டியல் எல்லாம் தானாக நடக்கும். உட்கார்ந்து யோசிக்க வேண்டியது விருப்பப் பட்டியலுக்குத்தான். ரேங்க் வரிசைப்படி பிரித்த அவரவர் ரவுண்டில் அதற்குக் கொடுப்பது சில நாள்தான், அதனால் பட்டியலை முன்கூட்டியே நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் செய்வது ஒன்றுதான். உங்கள் பிள்ளையின் ரேங்க் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வரும். எந்த வரியில் இடம் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதற்குக் கீழே எழுதியதை அது பார்க்கவே பார்க்காது. அதனால் ஆசை எந்த வரிசையிலோ பட்டியலும் அந்த வரிசையில் இருக்க வேண்டும்.

போன வருடம் 178 கட்-ஆஃப் வைத்திருந்த ஒரு பெண் நோட்டில் முதல் வரியாக கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியை எழுதியிருந்தாள். கல்லூரி எண் 1. அடுத்து குரோம்பேட்டை எம்.ஐ.டி., எண் 4. பிறகு மதுரை தியாகராசர், 5008. அப்பா என்னிடம் திரும்பி, "நூத்தி எழுபத்தெட்டுக்குக் கிண்டியாக்கா? பக்கத்துல பஸ்ல போய்ட்டு வர்ற காலேஜை முதல்ல போடச் சொல்லுங்க, அதாவது உறுதியா கிடைக்கும்" என்றார். அதை முதலில் போட்டால் கண்டிப்பாகக் கிடைக்கும்தான். அதோடு மற்றதெல்லாம் முடிந்தது. மேலே கிண்டியை எழுதியதால் கீழே உள்ளது கைநழுவாது, ரேங்க் முறை வரும்போது அங்கே இடமில்லை என்றால் கம்ப்யூட்டர் அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவர் பக்கத்துக் கல்லூரியைக் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சம்மதித்தார். பட்டியலில் பாதி தூரம் இறங்கியதும் அவளுக்கு இடம் கிடைத்தது.

எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம். ஐந்தாறு பெரிய கல்லூரியை மட்டும் எழுதிவிட்டு, எதுவும் கிடைக்கவில்லை என்று வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஆனால் கிடைத்தாலும் சேர மாட்டோம் என்பதை எழுதவே வேண்டாம்.

போன வருடங்களின் நிலவரத்தைப் பார்க்கும்போது மார்க்கைவிட ரேங்கைப் பாருங்கள். கணக்குக் கேள்வித்தாள் சுலபமாக இருந்த வருடத்தில் எல்லோருக்கும் கட்-ஆஃப் ஏறிவிடும். உங்கள் சமூகப் பிரிவு ரேங்க், அந்தக் கல்லூரியில், அந்தப் பிராஞ்சில் கடைசியாக எங்கே முடிந்தது என்பதுதான் கணக்கு.

கல்லூரியைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே சாமி பெயரில், ஒரே புனிதர் பெயரில் ஊருக்கு ஒரு கல்லூரி இருக்கிறது. எண்ணை வைத்துத் தேடுங்கள். பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று இருந்தால் அது அந்தக் கல்லூரியிலேயே உள்ள சுயநிதிப் பிரிவு, கட்டணம் வேறு. சிவிலிலும் மெக்கானிக்கலிலும் சில இடங்களில் தமிழ் வழி என்று தனியாக வரும்; 2010இலிருந்து இருக்கிறது. தெரிந்து எடுத்தால் நல்லது, தெரியாமல் எடுக்கக் கூடாது.

கணினி அறிவியல்தான் வேண்டும் என்று அப்பாவும், சிவில்தான் பிடிக்கும் என்று பிள்ளையும் என் கடையிலேயே சண்டை போடுவார்கள். அதை வீட்டிலேயே, ரிசல்ட்டுக்கு முன்னாலேயே போட்டுவிட்டு வாருங்கள். தீரவில்லையென்றால் பிள்ளை சொல்வதை மேலே போடுங்கள். நாலு வருடம் வகுப்பில் உட்காரப்போவது அது.

இடம் வந்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளில் கல்யாணம், கோவில் கொடை என்று எங்கும் போகாதீர்கள். உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும். "ஏற்றுக்கொண்டு சேர்கிறேன்" என்று கொடுத்தால் அதோடு முடிந்தது. குறித்த தேதிக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். "ஏற்றுக்கொள்கிறேன், மேலே கிடைத்தால் மாறுகிறேன்" என்று கொடுத்தால், பட்டியலில் அதற்கு மேலே எழுதியது காலியாகும்போது அங்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள், பழையது தானாகப் போய்விடும். அதனால் "மேலே கிடைத்தால் மாறுகிறேன்" என்று கொடுப்பதற்கு முன், மேலே எழுதிய கல்லூரி இருக்கும் ஊரில் விடுதி, செலவு எல்லாம் ஒத்துவருமா என்று முதலில் பேசிவிடுங்கள். அப்புறம் "பழையதே நல்லாயிருந்துச்சே" என்றால் ஒன்றும் செய்ய முடியாது.

காசு

சுயநிதிக் கல்லூரியில் கவுன்சலிங் இடத்துக்கு வருடக் கல்விக் கட்டணம் 50,000, என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற பாடத்துக்கு 55,000 என்று 2017இல் கட்டண நிர்ணயக் குழு சொன்னது. இப்போதைய தொகையைச் சேரும் வருடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பஸ், விடுதி, சீருடை, பயிற்சி என்று தனித்தனியாகக் கேட்பார்கள். முழுத் தொகையையும் லெட்டர்ஹெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வங்கிக் கடனுக்கும் அந்தக் காகிதம்தான் வேண்டும். நாலு லட்சம் வரை கையிலிருந்து பங்குத் தொகை போட வேண்டியதில்லை, ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. கடனில் அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். மார்ச் மாதமே "மேனேஜ்மென்ட் சீட் முடியப்போகுது" என்று போன் வந்தால், ரிசல்ட் வரட்டும் என்று வைத்துவிடுங்கள்.

இன்ஜினியரிங்கை மட்டும் நம்பி இருக்காமல், அரசுக் கலைக் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். நான் போட்டுக்கொடுத்தபோது ஐந்து கல்லூரி வரை சேர்த்து 50 ரூபாய்தான். வேளாண்மை, கால்நடை, சட்டம் எல்லாவற்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி கடைசித் தேதி. அந்தத் தேதிகளைக் காலண்டரில் வட்டம் போடுவதும் உங்கள் வேலைதான். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. சேர்ந்த பிறகு கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும், நினைவூட்டிக் கேளுங்கள்.

சேரப் போகும் நாளுக்கு முன்னால் எல்லா ஒரிஜினலையும் ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் டி.சி.யை வாங்கிக்கொள்வார்கள். மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் விதி. கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.