கால்குலஸ் வகுப்பின் விதித்தாளை எப்படிப் படிப்பது?

முதல் வகுப்பில் இரண்டு பக்கத் தாள் ஒன்று கொடுப்பேன். வருகை, வீட்டுப்பாடம், தேர்வு, மதிப்பெண் பற்றிய விதிகள் எல்லாம் அதில் இருக்கும். கொடுத்த ஐந்தாவது நிமிடத்தில் அது நோட்டுக்குள் போய்விடும். ஏழாவது வாரம் போலத்தான் மறுபடி வெளியே வரும், "சார், இது எங்க சார் போட்டிருக்கு?" என்ற கேள்வியோடு. குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் படித்த காலத்தில் நானும் அந்தத் தாளைத் தொடவில்லை. கணக்கில் புலி என்ற நினைப்பில் முதல் தேர்வுக்குப் போய் நூற்றுக்கு 38 வாங்கினேன். விடைகளில் பல சரி. வழிமுறைதான் எழுதவில்லை. வழிமுறைக்குத்தான் மதிப்பெண் என்று தாளில் தெளிவாகப் போட்டிருந்தது.

இப்போது அந்தத் தாளை எழுதுகிறவனே நான்தான் என்பதால், எதை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

மதிப்பெண் பிரிவிலிருந்து தொடங்குங்கள். என் வகுப்பில் வீட்டுப்பாடத்துக்கு 15, குட்டித் தேர்வுகளுக்கு 15, நடுவில் வரும் இரண்டு தேர்வுகளுக்கு 20, 20, கடைசித் தேர்வுக்கு 30. உங்கள் வகுப்பில் எண்கள் வேறாக இருக்கலாம், கணக்கு ஒன்றுதான். வீட்டுப்பாடத்தில் 90 சதவீதம் வாங்கியிருந்தால் 13.5 கையில். குட்டித் தேர்வுகளில் 80 சதவீதம் என்றால் 12. இரண்டு தேர்வுகளில் 55, 65 என்றால் 11, 13. ஆக 70க்கு 49.5. மொத்தம் 70 வேண்டும் என்றால் கடைசித் தேர்வில் 30க்கு 20.5 எடுக்க வேண்டும். அதாவது நூற்றுக்கு 68க்குக் கொஞ்சம் மேலே. இதைக் கடைசித் தேர்வுக்கு முந்தின இரவு போட்டுப் பார்த்துத் தலையில் கை வைப்பவர்கள் அதிகம். பாடத்தைக் கைவிட ஒரு கடைசித் தேதி இருக்கும் அல்லவா, அதற்கு ஒரு வாரம் முன்பு போட்டுப் பாருங்கள். அப்போதுதான் அந்த எண் எதற்காவது பயன்படும்.

அடுத்து, எல்லோரும் தாண்டிப் போகும் ஒற்றை வரி: முன்தகுதி. இயற்கணிதமும் முக்கோணவியலும் தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருப்போம். "அதெல்லாம் பள்ளியிலேயே முடித்துவிட்டோமே" என்று நினைப்பீர்கள். என் அனுபவத்தில் கால்குலஸில் விழுகிறவர்கள் பெரும்பாலும் கால்குலஸால் விழுவதில்லை. அதற்கு முந்தைய படியில் சறுக்கியவர்கள். வகையிடல், அதாவது ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கண்டுபிடிப்பது, சரியாக இருக்கும், அடுத்த வரியில் வர்க்கமூலத்தைக் கூட்டலுக்குள் பிரித்துவிடுவார்கள். √(9+16) என்பது √25, அதாவது 5. பிரித்தால் 3+4, அதாவது 7. எண்ணில் காட்டினால் யாரும் ஏமாற மாட்டார்கள். எண்ணுக்குப் பதில் எழுத்து வந்ததும் கை தானாகப் பிரித்துவிடும். அதனால் முதல் வாரத்திலேயே ஒரு மாலை உட்கார்ந்து காரணிப்படுத்தல், பின்னங்களைக் கூட்டல், அடுக்கு விதிகள், மடக்கை, சைன் கொசைன் மதிப்புகள் என்று இருபது கணக்குகள் போட்டுப் பாருங்கள். ஐந்துக்கு மேல் தப்பானால், பயப்பட வேண்டாம், ஆனால் அந்த வார இறுதியை அதற்கே ஒதுக்குங்கள். ஐந்தாவது வாரத்தில் அதற்கு நேரம் கிடைக்காது.

வருகைப் பதிவு பற்றி எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. வராவிட்டால் அன்றைய குறிப்பை ஒரு நண்பரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். "நேற்று ஏதாவது முக்கியமா நடத்தினீங்களா சார்?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

வீட்டுப்பாடம்தான் அதிகம் சண்டை வரும் இடம். கெடு முடிந்ததும் விடைகளை வெளியிடுகிறேன், அதனால் தாமதமாக வருவதை வாங்க முடியாது. அதற்குப் பதிலாக, குறைந்த மதிப்பெண் வாங்கிய இரண்டு வீட்டுப்பாடங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. காய்ச்சல், பயணம், மறதி, பழுதான லேப்டாப் எல்லாவற்றுக்கும் அந்த இரண்டுதான். முதல் மாதத்திலேயே சோம்பலுக்குச் செலவழித்துவிட்டு, பிறகு உண்மையாகவே உடம்பு சரியில்லாதபோது வந்து நிற்பவர்களைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் விதி விதிதான்.

வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கு வெளியே இரண்டு மணி நேரம் என்று தாளில் போட்டிருப்பேன். வாரம் நான்கு வகுப்பு என்றால் எட்டு மணி நேரம். அந்த எட்டையும் ஞாயிறு இரவில் அடைக்கப் பார்க்காதீர்கள். பாடம் நடந்த அன்றே நான்கைந்து கணக்குகள், மிச்சம் அடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக. நான் பலகையில் போடும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். நோட்டை மூடிவிட்டு அதே கணக்கை வெற்றுத் தாளில் போடுங்கள். மூன்றாவது வரியில் நின்றுவிட்டால், எது புரியவில்லை என்பது அந்த மூன்றாவது வரியில் தெரிந்துவிடும்.

சேர்ந்து படிப்பதை நான் தடுப்பதில்லை, சொல்லப்போனால் விரும்புகிறேன். பேசுங்கள், சண்டை போடுங்கள், பலகையில் கிறுக்குங்கள். எழுதும்போது மட்டும் தனியாக உட்காருங்கள். ஒரு முறை ஒருவர் அவசரத்தில் 5ஐ ஆங்கில எஸ் மாதிரி எழுதியிருந்தார். அவரைப் பார்த்து எழுதிய மூன்று பேர் அதை எஸ் என்றே எடுத்துக்கொண்டு, கடைசி வரி வரை அந்த எஸ்ஸை வகையிட்டுக்கொண்டே போயிருந்தார்கள். சிரித்துவிட்டுத்தான் பூஜ்யம் போட்டேன். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இதுவேதான். அது எழுதித் தரும் விடையைப் பிரதி எடுத்தால் 15க்குள் கொஞ்சம் கிடைக்கலாம். மிச்ச 85ஐ நீங்கள் தனியாக, பேனாவோடு, என் கண் முன்னால் எழுத வேண்டும்.

சரி, வழிமுறைக்கு எப்படி மதிப்பெண் போடுகிறேன் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். 5 மீட்டர் ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடி விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் சுவரை விட்டு விலகுகிறது. அடி 3 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது உச்சி என்ன வேகத்தில் இறங்கும்? 10 மதிப்பெண். படம் போட்டு, எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பெயரிட்டால் 2. பிதாகரஸ் சமன்பாட்டுக்கு 2. அதை நேரத்தைப் பொறுத்து வகையிட்டால் 3. அதற்குப் பிறகு எண்களைப் போட்டால் 2. விநாடிக்கு 0.75 மீட்டர், கீழ்நோக்கி என்று அலகும் திசையும் சொன்னால் 1. வெறும் 0.75 என்று எழுதி அடிக்கோடிட்டவருக்கு 2 தருவேன். கடைசியில் வகுத்தலைத் தலைகீழாகப் போட்டு 1.33 என்று முடித்தவருக்கு 9. அநியாயம் என்பார்கள். முன்னவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது, பின்னவர் செய்தது முழுக்கத் தெரிகிறது.

இந்தக் கணக்கில் அதிகம் பேர் மாட்டும் இடம் வேறு. 3, 4 என்ற எண்களை முதலிலேயே போட்டுவிட்டு 9+16=25 என்று எழுதி, அதை வகையிட்டு, பூஜ்யம் சமம் பூஜ்யம் என்று முழிப்பார்கள். ஓடுகிற ஏணியைப் போட்டோ எடுத்துவிட்டு, போட்டோ ஏன் அசையவில்லை என்று கேட்கிற கதைதான். முதலில் வகையிடுங்கள், அப்புறம் எண்.

இன்னொன்று, பெருக்கல் விதி, அதாவது பெருக்கி வைத்த இரண்டை வகையிடும் விதி. எக்ஸின் 2ஆம் அடுக்கையும் 3ஆம் அடுக்கையும் பெருக்கினால் 5ஆம் அடுக்கு. அதன் வகைக்கெழு, அதாவது வகையிட்டால் வருவது, 4ஆம் அடுக்கின் 5 மடங்கு. இரண்டையும் தனித்தனியாக வகையிட்டுப் பெருக்கினால் 3ஆம் அடுக்கின் 6 மடங்கு வருகிறது. அடுக்கே பொருந்தவில்லை. இந்தப் பிழைக்கு நான் கோபப்படுவதில்லை. கால்குலஸை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸே 1675 நவம்பரில், அப்படிச் செய்யலாமா என்று தன் கைப்பிரதியில் கேட்டு, சோதித்துப் பார்த்துத்தான் கூடாது என்று தெரிந்துகொண்டார். அவரைப் போல நீங்களும் சோதித்துப் பாருங்கள் என்பதுதான் என் எதிர்பார்ப்பு.

தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. √2 என்று விட்டாலே முழு விடை, 1.41 என்று எழுதினால்தான் அரை மதிப்பெண் போகும். தொகையிடல் மாறிலியை, அதாவது தொகையிட்ட விடையின் கடைசியில் வரும் +Cயை, மறந்தாலும் அரை.

தேர்வுக்கு வர முடியாது என்றால் முன்பே சொல்லுங்கள். "இன்ன தேதித் தேர்வுக்கு இன்ன காரணத்தால் வர இயலவில்லை, சான்று இணைத்துள்ளேன்" என்று இரண்டு வரி மின்னஞ்சல் போதும். முன்பே சொன்னவர்களுக்கு, கடைசித் தேர்வு மதிப்பெண்ணை அதற்கும் சேர்த்து எடுத்துக்கொள்வேன். மூன்று நாள் கழித்து வரும் மூன்று பக்கக் கடிதத்தைப் படிப்பேன், ஆனால் ஒன்றும் செய்ய முடியாது.

சந்தேகம் கேட்க ஒதுக்கிய நேரத்தில் பெரும்பாலும் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பேன், தாராளமாக வாருங்கள். வரும்போது நின்றுபோன கணக்கைத் தாளோடு கொண்டு வாருங்கள். "ஒண்ணுமே புரியல சார்" என்றால் எங்கிருந்து தொடங்குவது என்று எனக்கும் புரியாது. "இந்த வரி வரைக்கும் வந்தேன், அடுத்து சங்கிலி விதியா, பெருக்கல் விதியா?" என்றால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மதிப்பெண் தவறாக வந்திருப்பதாக நினைத்தால் ஒரு நாள் பொறுங்கள், ஒரு வாரத்துக்குள் வாருங்கள். விடைத்தாளில் எதையும் எழுதாமல், தனித் தாளில் எந்தக் கேள்வி, எந்த வரி, ஏன் என்று எழுதி இணையுங்கள். அந்தக் கேள்வி முழுவதையும் மறுபடி திருத்துவேன், கூடலாம், குறையலாம். போன பருவத்தில் ஒரு மாணவி 2 மதிப்பெண் கேட்டு அப்படி ஒரு தாள் கொடுத்தார். அந்த 2 அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் திருத்தும்போது, முகப்புப் பக்கக் கூட்டலில் நான் 7 மதிப்பெண்ணை விட்டிருந்தது தெரிந்தது.